பாட்டரியைப் பழிக்கலாமா?

வீட்டில் ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமற் போனால், தேடிப் பார்ப்பதற்கு முன்பே வேலைக்காரப் பையன் மீது சந்தேகம் கொள்வது உலக வழக்கமாக இருந்து வருகிறது. கிண்ணம் பிறகு பரண்மேல் அகப்படும். ஆனால் அதற்குள் பையன் வீட்டை விட்டுப் போயிருப்பான்.

பழைய மோட்டார் சைக்கிள்களின் விஷயத்தில் அந்த ஏழைப் பையனின் ஸ்தானத்தை வகிப்பது பாட்டரிதான். முன்விளக்கு மங்கினால் பாட்டரி கெட்டுவிட்டது என்கிறோம். ஹார்ன் சோகமாக முனகினால் பாட்டரி கெட்டுவிட்டது என்கிறோம். பத்துத் தடவை உதைத்தும் வண்டி கிளம்பாவிட்டால், வேறு விசாரணையே இல்லாமல் புதுப் பாட்டரி ஒன்றை வாங்கி வைக்கிறோம். மூன்று மாதம் கழித்து அதே கதை மறுபடியும் நடக்கிறது. உண்மையான குற்றவாளியோ வண்டிக்குள்ளேயே சௌக்கியமாக உட்கார்ந்து, அடுத்த பாட்டரிக்காகக் காத்திருக்கிறான்.

இது பணத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. ஊருக்கு வெளியே, தெருவிளக்கில்லாத சாலையில், எதிரே லாரி வரும் சமயத்தில் முன்விளக்கு அணைந்துபோனால் அது உயிரைப் பற்றிய விஷயம். மேலும், "இந்த வண்டிக்குச் செலவழித்து மாளாது" என்று சலித்து, நல்ல யந்திரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டவர்கள் நம்மிடையே அநேகர். அவ்வண்டிகளில் பலவற்றுக்கு வேண்டியிருந்தது ஒரு சாண் வயரும் அரை மணி நேரப் பொறுமையுமே.

ஆகையால் மின்சாரம் ஏற்றும் அமைப்பில் உண்டாகும் கோளாற்றை வீட்டிலிருந்தபடியே கண்டுபிடிக்கும் முறையை இங்கே விவரிக்க முற்படுகிறோம். உதாரணத்துக்கு நம் நாட்டில் எல்லோரும் அறிந்த பழைய புல்லட்டையே எடுத்துக்கொள்வோம்.

குருவின் விளக்கும் சிஷ்யனின் விளக்கும்

ராயல் என்பீல்டு புல்லட் இங்கிலாந்தில் பிறந்தது. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா என்ற கம்பெனி ஏற்பட்டது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு வண்டியைப் பூட்டினார்கள். நாளடைவில் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே முழு வண்டியையும் செய்யலானார்கள். 1970-இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் வண்டி உற்பத்தி நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ நிற்கவில்லை. 1977-இல் நம் புல்லட் கப்பலேறிப் பிறந்த தேசத்துக்கே விலைக்குப் போயிற்று. குருவின் வீட்டில் விளக்கணைந்த பிறகும் சிஷ்யனின் வீட்டில் அது சுடர்விட்டுக் கொண்டிருந்தது என்று இதைச் சொல்லலாம். அத்தகைய வண்டியின் விளக்கை நாமே அணையவிடுவது நமக்குப் பெருமையாகுமா?

மின்சாரம் பிறக்கும் இடம்

காந்தத்தை ஒரு கம்பிச் சுருளின் அருகே அசைத்தால் கம்பியில் மின்சாரம் உண்டாகிறது என்பதை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டுபிடித்தார். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாட்டரியை 1859-இல் காஸ்டன் பிளாந்தே என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்தார். புல்லட்டில் நடப்பது இவ்விரண்டு பெரியவர்களின் கூட்டு வியாபாரமே.

வண்டியின் இடப்புறத்தில், செயின் ஓடும் எண்ணெய்ப் பெட்டிக்குள், என்ஜின் அச்சின் முனையில் காந்தச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. இதற்கு ரோட்டார் என்று பெயர். அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் கம்பிச் சுருள்களுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். இங்கே பிறக்கும் மின்சாரம் முன்னும் பின்னுமாகத் திசைமாறி ஓடுவது. பாட்டரிக்கு அது உதவாது. ஆகவே ரெக்டிபையர் என்னும் காவற்காரன் அதை ஒரே திசையில் திருப்பிவிடுகிறான். என்ஜின் வேகமாக ஓடும்போது அளவு மீறிய மின்சாரம் பாட்டரியைக் கொதிக்கச் செய்யாதபடி தடுப்பது ரெகுலேட்டரின் வேலை. 12 வோல்ட் வண்டிகளில் பெரும்பாலும் இவ்விருவரும் ஒரே பெட்டியில் குடியிருக்கிறார்கள். சில வண்டிகளில் முன்விளக்குக்கு மட்டும் ஸ்டேட்டரிலிருந்தே தனி வயர் போவதும் உண்டு. ஆதலால் கையில் வண்டியின் வயர்ப் படம் ஒன்றை வைத்துக்கொள்வது நலம்.

ஆக, ஸ்டேட்டர், ரெக்டிபையர், ரெகுலேட்டர், பாட்டரி, இவற்றை இணைக்கும் வயர்கள் என்று சந்தேகத்துக்குரியவர்கள் ஐவர். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். இதற்குத் தேவையான ஆயுதம், மின்சாரக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றுதான்.

முதல் விசாரணை: பாட்டரி

பாட்டரியைப் பழிக்கலாகாது என்றோம். ஆனால் விசாரிக்காமல் விடவும் கூடாது. அது குறைபட்டிருந்தால் மற்றப் பரீக்ஷைகள் எல்லாம் பொய் சொல்லும்.

வண்டி ஓய்ந்து சில மணி நேரம் ஆனபின், காலையில் பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் வயிறு நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால் வயிறு. 12-க்குக் கீழே என்றால் பெரும்பட்டினி. 6 வோல்ட் வண்டிக்காரர்கள் இவ்வெண்களைப் பாதியாக்கிக்கொள்க.

பட்டினி கிடக்கும் பாட்டரியை வெளிச் சார்ஜரில் வைத்து நிரப்ப வேண்டும். அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் வீதம் ஏற்றுவது உத்தமம். 9 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு ஏறத்தாழ 0.9 ஆம்பியர் போதும். தண்ணீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் வார்க்க வேண்டும். அமிலத்தை வார்க்கலாகாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாகையால் அருகில் நெருப்புப் பொறி ஆகாது. ஊதுவத்தியும் ஆகாது.

நிரப்பிய பாட்டரியை ஓரிரவு சும்மா வைத்து மறுநாள் அளந்தால், தானாகவே 12-க்குச் சரிந்திருந்தால் குற்றம் பாட்டரியினுடையதே. சரியாமல் நின்றும், முன்விளக்கை ஏற்றியவுடன் 11-க்குப் பாய்ந்து விழுந்தாலும் அவ்வாறே. இரண்டும் இல்லையென்றால் பாட்டரி நிரபராதி. விசாரணை மேலே செல்லட்டும்.

இரண்டாவது விசாரணை: பச்சைப் பாசியும் துருவும்

நம்முடைய சீதோஷ்ணத்தில், முக்கியமாகக் கடற்கரை ஊர்களில், பித்தளை இணைப்புகளில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துவிடுகிறது. பார்வைக்கு அற்பமான இந்தப் பூஞ்சை மின்சாரத்தின் வழியை அடைத்துவிடும். பாட்டரி முனைகள், பியூஸ், கனெக்டர்கள், சாவி ஸ்விச்சு ஆகியவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கிப் பூட்ட வேண்டும். எர்த் வயர் சட்டத்தோடு சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். வண்டிக்குப் புதிதாகப் பளபளவென்று பெயிண்ட் அடித்த மறுநாளே விளக்கு மங்கிய விசித்திரத்துக்கு இதுவே காரணம்.

பழைய சீமை மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும். பிற்கால வண்டிகளில் எதிர்முனை இணைந்திருக்கும். எந்த முனை எதனோடு என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் கை வைப்பவர்கள் ரெக்டிபையரை ஒரு நொடியில் பஸ்மமாக்கிவிடுவார்கள்.

மூன்றாவது விசாரணை: ஓடும்போது நாடி பார்த்தல்

இப்போது என்ஜினைக் கிளப்பி, மீட்டரைப் பாட்டரி முனைகளில் வைத்துக்கொள்வோம். விளக்குகள் அணைந்திருக்கட்டும். சாலையில் மிதமான வேகத்தில் செல்லும்போது எழும் ஓசை வரும்வரை மெதுவாக ஆக்ஸிலேட்டரைத் திருக வேண்டும். மீட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் அமைப்பு ஆரோக்கியமாக இருக்கிறது. எவ்வளவு திருகினாலும் 12.5-இலேயே கிடந்தால் மின்சாரம் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் தன் கடமையை மறந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் பாட்டரி நீர் அடிக்கடி வற்றும். பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் விடும். இங்கே நோய் பட்டினியன்று, அஜீரணம்.

புல்லட்டில் முன்விளக்குக் கூட்டின் மேல் ஒரு சிறு அம்மீட்டர் இருப்பது பலருக்குத் தெரியும். அதன் முள்ளைச் சரியாகப் படிப்பவர் சிலரே. வண்டி ஓடும்போது முள் நடுவில் நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பயப்படுகிறார்கள். வயிறு நிரம்பிய பாட்டரி மேற்கொண்டு உண்ணாது. ஆகவே முள் நடுவில் நிற்பது இயல்பே. விளக்கை ஏற்றி என்ஜினை மெதுவாக ஓடவிட்டால் முள் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். வேகத்தைக் கூட்டினால் நடுவைத் தாண்டி நேர்ப்பக்கம் வர வேண்டும். வராவிட்டால்தான் கவலை. முள் ஒரு நிலையில் நில்லாமல் பேயாடினால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்காவது விசாரணை: மூலஸ்தானம்

ஓடும்போது வோல்ட் ஏறவில்லையென்றால் நதியின் மூலத்துக்கே போக வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டேட்டரிலிருந்து வரும் வயர்களை ரெக்டிபையரிலிருந்து பிரித்துவிடுவோம். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு அது காட்டும் ஓம் அளவைக் குறித்துக்கொண்டு, பின்னர் ஸ்டேட்டர் வயர்களுக்கு இடையே அளந்து, முந்தியதைக் கழிக்க வேண்டும். ஓம் ஒன்றை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கலாம். தொடர்பே இல்லையென்றால் சுருள் அறுந்திருக்கிறது. அடுத்து ஒரு முனையை என்ஜின் உலோகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுருளைத் தனியாக நிறுத்திய வண்டிகளில் இங்கே சிறிதும் தொடர்பு இருக்கலாகாது. இருந்தால் எங்கோ வயரின் மேலுறை தேய்ந்து மின்சாரம் உலோகத்தில் ஒழுகிப்போகிறது.

மீட்டர் இல்லாத கிராமங்களில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கையாளும் யுக்தி ஒன்று உண்டு. அது சாஸ்திரத்துக்கும் பொருத்தமானது. பிரித்த ஸ்டேட்டர் வயர்களின் நடுவே 12 வோல்ட், 35 வாட் முன்விளக்கு பல்பு ஒன்றைப் பூட்டி என்ஜினைக் கிளப்ப வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சிறிது திருகியதும் பல்பு பிரகாசித்தால் ஸ்டேட்டர் குற்றமற்றது. அழுதுவடிந்தால் குற்றமுள்ளது. அதிகமாகத் திருகிப் பல்பை எரித்துவிடாமல் இருப்பது நம் பொறுப்பு.

ஸ்டேட்டரின் மேல் சந்தேகம் உறுதியானால் மட்டுமே இடப்புறப் பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய புல்லட்டில் பிரேக் மிதி இடப்பக்கம் இருப்பதால் அதையும் கால்வைக்கும் கம்பியையும் அகற்றவேண்டியிருக்கும். உள்ளே எண்ணெய் இருக்குமாகையால் பாத்திரம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்க. ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் சமமாக, குறைந்தது 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசிய தழும்பு தென்பட்டால் ஸ்டேட்டர் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது அச்சின் பேரிங் தேய்ந்திருக்கலாம். பின்னதானால் நோய் மின்சாரத்தைக் கடந்து என்ஜினுக்குள் புகுந்துவிட்டது.

ஐந்தாவது விசாரணை: காவற்காரன்

ஸ்டேட்டர் நல்லபடியாக மின்சாரம் தந்தும் பாட்டரிக்கு அது போய்ச் சேராவிட்டால், ரெக்டிபையரையும் வழியையும் சோதிக்க வேண்டும். ரெக்டிபையரில் உள்ள டயோடு என்பது ஒரு பக்கமே திறக்கும் கதவு. மீட்டரை டயோடுக் குறியில் வைத்து ஒரு புறமாகத் தொட்டால் 0.4 முதல் 0.7 வரை காட்டும். முனைகளை மாற்றித் தொட்டால் ஒன்றும் காட்டலாகாது. இரு புறமும் திறந்தாலும் கெட்டது, இரு புறமும் அடைத்தாலும் கெட்டது. எல்லாக் கதவுகளும் நல்ல கதவுகளாக இருந்தாலும், ரெகுலேட்டரும் சேர்ந்த பெட்டியை இச்சோதனை மட்டும் முற்றிலும் விடுதலை செய்துவிடாது. வேறு எல்லாம் சரியாக இருந்து ஓடும்போது வோல்ட் மட்டும் தவறினால், நல்லதென்று தெரிந்த வேறொரு பெட்டியை இரவல் வாங்கிப் பூட்டிப் பார்ப்பதே முடிவான சாட்சி.

வழியைச் சோதிப்பதும் சுலபமே. என்ஜின் ஓடுகையில் ரெகுலேட்டரின் நேர் வயரில் ஒரு முனையையும் பாட்டரியின் நேர்முனையில் மற்றொன்றையும் வைக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவும் வழிப்பறி போகிறது. எதிர்ப்பக்கத்தையும் இவ்வாறே அளக்கலாம். ரெகுலேட்டர் வாசலில் 14.2 வோல்ட் புறப்பட்டு, பாட்டரி வாசலில் 13.2 மட்டும் வந்து சேர்ந்தால், நடுவழியில் அகப்பட வேண்டிய திருடன் ஒரு கனெக்டர்தான்.

வரவும் செலவும்

ஐவரும் யோக்கியர்களென்று தெரிந்தும் பாட்டரி காலியாகிறதா? அப்போது குடும்பக் கணக்கைப் பார்க்க வேண்டும். 35 வாட் முன்விளக்கு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் உண்கிறது. அழகுக்காக 60 வாட் பல்பைப் போட்டால் அது 5 ஆம்பியராகிறது. பிரேக் ஸ்விச்சு ஒட்டிக்கொண்டு பின்னாலுள்ள 21 வாட் விளக்கு ஓயாமல் எரிந்தால் மேலும் 1.75 ஆம்பியர். முன்னே அமர்ந்து ஓட்டுகிறவர் அதைக் காண்பதேயில்லை. வரவு பழைய சம்பளமாகவும் செலவு புதிய நாகரிகமாகவும் இருந்தால் எந்தக் குடும்பந்தான் தாங்கும்?

நிற்கும்போது களவு போவதும் உண்டு. சாவியை அணைத்து, பாட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, அவ்விடத்தில் மீட்டரை ஆம்பியர்க் குறியில் வைத்து இணைத்தால், நுட்பக் கருவிகள் இல்லாத பழைய வண்டியில் ஏறக்குறையப் பூஜ்யம் காட்ட வேண்டும். 100 மில்லி ஆம்பியர் காட்டினால் நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்-மணி போகிறது. 9 ஆம்பியர்-மணிப் பாட்டரி நான்கு நாளைக்குள் திவாலாகும். ரெக்டிபையரைப் பிரித்தவுடன் ஒழுக்கு நின்றால் அதன் டயோடே குற்றவாளி.

ஒரு குடும்பத்தின் கதை

1990-களில் தகப்பனார் வாங்கிய புல்லட் ஒன்று. இப்போது மகன் ஓட்டுகிறான். ஒன்றரை வருஷத்தில் மூன்று பாட்டரிகள் மாறிவிட்டன. காலையில் கடைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்து, "பதினாலு காட்டுகிறதே, வண்டியில் ஒன்றுமில்லை ஸார்!" என்கிறார். மாலையில் ஊர் திரும்பும்போது விளக்கு மங்குகிறது. தாயார், "அப்பா ஞாபகமாக இருந்ததெல்லாம் போதும், விற்றுவிடடா தம்பி" என்கிறார். இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இங்கே தவறு எங்கே? பரீக்ஷை சரியானதுதான், வேளை சரியானதன்று. குளிர்ந்த என்ஜினில் ஒழுங்காக இருக்கும் ஸ்டேட்டர் வயர், அரை மணி ஓடி எண்ணெய் சூடேறிய பிறகு இளகி உலோகத்தைத் தொடலாம். செயின் பெட்டியை விட்டு வயர் வெளியே வரும் இடத்தில் அதன் மேலுறை தேய்வது பழைய வண்டிகளில் சாதாரணம். ஆகையால் மகன் வண்டியைப் பத்து மைல் ஓட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் மீண்டும் அளக்க வேண்டும். காலையில் 14 காட்டிய மீட்டர் அப்போது 12.3 காட்டும். வயரை உலோகத்தோடு வைத்து அளந்தால் இல்லாதிருந்த தொடர்பு இப்போது தென்படும். உறை போட்டு வயரைச் சீர்செய்தபின் நான்காவது பாட்டரிக்கு அவசியம் இராது. தாயாரும் விற்பனைப் பேச்சை விட்டுவிடுவார்.

செய்யத் தகாதது ஒன்று

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பாட்டரி வயரைப் பிடுங்கி, "வண்டி அணையவில்லை, ஆகையால் சார்ஜ் இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது மகா அபாயமான பரீக்ஷை. பாட்டரி என்னும் அணை நீங்கியதும் வோல்ட் வெள்ளம்போல் எழும்பி, பல்புகளையும் ரெகுலேட்டரையும் அடித்துக்கொண்டு போய்விடும். நோயில்லாத வண்டிக்கும் நோயுண்டாக்கும் இந்த வைத்தியத்தை யாரும் செய்யவும் வேண்டாம், பிறர் செய்ய அனுமதிக்கவும் வேண்டாம்.

கைத்திறனும் தேசச் செல்வமே

மேலே சொன்னவற்றில் எதுவும் என்ஜினீயரிங் கல்லூரிப் படிப்பைக் கோருவதன்று. பள்ளிக்கூடத்தில் ஓம் விதியைப் படித்துப் பரீக்ஷை எழுதி மறந்துபோன மாணவன், அதே விதியைத் தன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் கண்ணாரக் காண்பானானால் பிறகு மறக்கவே மாட்டான். மாணவிகளும் ஏன் செய்யலாகாது? மீட்டரின் முள் ஆண், பெண் பார்த்து அசைவதில்லை.

மெக்கானிக்குகளின் வருமானத்தைக் கெடுக்க வேண்டும் என்பது நமது நோக்கமன்று. வேப்பமரத்தடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் தொழிலாளி தேசத்தின் செல்வம். அவரிடம் "பாட்டரி மாற்றுங்கள்" என்று போய் நிற்பதற்குப் பதிலாக, "காலையில் 12.6, ஓடும்போது 12.4, ஸ்டேட்டரில் பல்பு நன்றாக எரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலரும். பாதி வேலை முடிந்தது என்று மற்றப் பாதியை அக்கறையோடு செய்வார். கூலியும் உழைப்புக்குத் தக்கதாக இருக்கும்.

பொருளை வாங்கத் தெரிந்த ஜனங்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வாங்கிய பொருளை அறிந்து, பேணி, பழுது பார்த்து, அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கத் தெரிந்த ஜனங்களே பிறர் கையை எதிர்பாராமல் வாழ்கிறார்கள். நேயர்கள் வீட்டுப் பழைய புல்லட்டின் விளக்கு இனி மங்குமானால், கடைக்கு ஓடுவதற்கு முன் மீட்டரைக் கையில் எடுப்பார்கள் என்று நம்புகிறோம்.